ரிப்பன் கட்டாத அணில்

போன மாதம் முழுக்க எங்கள் வீட்டு நிம்மதியைக் கெடுத்தது ஓர் அணில்.

நிஜ அணில் இல்லை. டி.வி. அணில். சாயங்காலம் ஐந்து மணிக்கு கேபிளில் வரும் இங்கிலீஷ் கார்ட்டூன். தலையில் தொப்பி, இடுப்பில் பெல்ட், கையில் ஸ்பேனர். ரயில் இன்ஜின் ரிப்பேர் செய்கிற அணில்.

அது ஆணா, பெண்ணா?

சிரிக்காதீர்கள். இந்தக் கேள்வியால் எனக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் மூன்று வாரம் பேச்சே இல்லை. என் மகள் என்னோடு சாப்பிட உட்கார மறுத்தாள். நான் ஆபீசில் ஓர் அதிகாரியின் மேஜை முன்னால் போய் நின்று குரல் நடுங்கப் பேசினேன். இவ்வளவும் நடந்த பிறகு இப்போதாவது பதில் தெரியுமா என்றால்... தெரியாது.

முதலில் இருந்தே சொல்கிறேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு மூக்கண்டப்பள்ளியில் எங்கள் லைன் வீடு பழக்கம். புதிதாக வந்தவர்களுக்கு: எட்டு வீடு, ஒரே நீளச் சுவர், ஒரு குழாய், நாலு பாஷை. நாங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம். பிழைக்க ஓசூர் வந்து ஒன்பது வருஷம். என் கணவர் ஒரு கம்பெனியில் டூல் ரூமில் இருக்கிறார். நான் வேறொரு கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட். ஒரே மகள் நித்யா, மூன்றாம் வகுப்பு.

பக்கத்து வீடு முனிரத்னம்மா. எல்லோருக்கும் ரத்னா. பாகலூர்ப் பக்கத்துக் கிராமம், வீட்டில் தெலுங்கு. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். நான் டைப் அடிக்கும் அதே கம்பெனியில்தான் அவளுக்கும் வேலை – நான் ஆபீசில், அவள் காயில் செக்‌ஷனில். மோட்டாருக்குள் வைக்கிற செம்புக் கம்பிச் சுருளைக் கையால் சுற்றிச் சுற்றி அவள் விரல் நுனியெல்லாம் கோடு கோடாக இருக்கும்.

அவளுக்கு முதல் ஷிஃப்டு. மூன்று மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பாள். நான் வந்து சேர ஆறு ஆகும். பள்ளிக்கூடம் விட்டு வரும் நித்யாவுக்கு நாலு மணிக்குக் கதவைத் திறந்து, பால் காய்ச்சிக் கொடுத்து, நான் வரும்வரை கூட இருப்பது ரத்னா. மூன்று வருஷமாக எங்கள் வீட்டுச் சாவி அவள் வீட்டு ஆணியில்தான் தொங்கியது.

லைனில் எங்கள் வீட்டில் மட்டும்தான் கேபிள். அதனால் ஐந்து மணிக்கு என் வீட்டுக் கூடத்தில் அஞ்சாறு பிள்ளைகள். ஒருத்தருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ரத்னாவுக்கும் தெரியாது – அவள் தெலுங்கு மீடியத்தில் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் கதை சொல்வது அவள்தான். படத்தைப் பார்ப்பாள், வாய்க்கு வந்ததைத் தமிழில் சொல்வாள்.

இந்தக் கதை சொல்லும் விவகாரம் எனக்குத் தெரியும்; ஆனால் நான் கேட்டதில்லை. அந்த நேரம் நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பேன்.

அன்றைக்கு ஒரு சனிக்கிழமை. கம்பெனியில் கரண்ட் இல்லை என்று ஆபீசை மதியமே மூடிவிட்டார்கள். வீட்டில் இருந்தேன். ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். ரத்னாவும் ஒரு தட்டு அவரைக்கொட்டையோடு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பிதுக்க ஆரம்பித்தாள். நான் அடுக்களையில் காபி கலந்துகொண்டே காதைக் கொடுத்தேன்.

“பாருங்க, இவ ஃபர்ஸ்ட் ஷிஃப்டு. நேத்து செகண்ட் ஷிஃப்டுல யாரோ வேலய அரகொறயா உட்டுட்டுப் போயிட்டாங்க. இப்ப இவ தலையில விழுந்துச்சி. நட்டு லூசா கெடக்குது, பாத்தாளா... ஆங், பாத்துட்டா.”

எட்டிப் பார்த்தேன். திரையில் அணில் ஸ்பேனரோடு இன்ஜினுக்கு அடியில் நுழைந்துகொண்டிருந்தது.

இவள்? பாத்தாளா?

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் சந்தோஷமும் வந்தது – பரவாயில்லையே, எங்கள் ரத்னா ஒரு மெக்கானிக்கைப் பெண்ணாக்கிவிட்டாளே என்று. அடுத்த வாரப் பத்திக்கு விஷயம் கிடைத்துவிட்டது என்றுகூட நினைத்தேன்.

அப்போது திரையில் ஒரு நரி வந்தது.

“அதோ கான்ட்ராக்டர் வர்றான். இன்ஜின்ல இருக்குற செம்பக் கழட்டிக்கினு போவ வர்றான். அவன் மூஞ்சியப் பாரு.”

அடுத்து, இன்னொரு அணில் வந்தது. இதற்கு இமை நீளம். காதோரம் ரோஸ் கலர் ரிப்பன். கையில் ஒரு கேக் கூடை. நடையே வேறு மாதிரி. நரியைப் பார்த்ததும் கன்னத்தில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு வீலென்று கத்தியது.

“இவ யாரு ரத்னாக்கா?” – கேட்டது ஒரு பொடிசு.

“இவளா? இவ ஆபீஸ் ஸ்டாஃபு. கண்ணுக்கு மை வெச்சிக்கினு, டிபன் கூடைய எடுத்துக்கினு, சும்மா இங்கயும் அங்கயும் நடப்பா. எதுனா வந்துச்சின்னா கத்துவா. வேலைக்கு வரமாட்டா.”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மகளும்தான்.

நான் காபி டம்ளரோடு அடுக்களை வாசலில் நின்றேன். என் கண்ணில் மை இருந்தது. காலையில் ஆபீசுக்கு எடுத்துப்போன டிபன் கூடை கழுவாமல் மேடையில் இருந்தது.

அப்போது நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது. டம்ளரை வைத்துவிட்டு டி.வி. பக்கத்தில் போய் நின்றேன். டீச்சர் மாதிரி.

“கதையைத் தப்புத் தப்பா சொல்லாத ரத்னா. பிள்ளைங்க அப்படியே நம்பிடும். தொப்பி போட்டிருக்கே, அது ஆண் அணில். ரிப்பன் கட்டியிருக்கிறதுதான் பெண். அதோட ஃபிரண்டு. அதுக்குக் கேக் கொண்டு வருது. அவ்வளவுதான் கதை.”

பிள்ளைகள் டி.வி.யை விட்டு என்னைப் பார்த்தார்கள். அணில் மட்டும் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது.

“அது ஆம்பளைன்னு எப்படிம்மா தெரியும்?” என்றாள் நித்யா.

“ரிப்பன் இல்லையே.”

“இன்னிக்கு நானும் ரிப்பன் கட்டலையே?”

“எனக்கு இங்கிலீஷ் தெரியும். அவங்க பேசுறது எனக்குப் புரியுது. போதுமா?”

ரத்னா தட்டைப் பார்த்துக் குனிந்தாள். தோலைத் தனியே, பருப்பைத் தனியே ஒதுக்கினாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“செரி மேடம்” என்றாள்.

மூன்று வருஷமாக நான் ‘அக்கா’. அன்றைக்கு மேடம்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு, முதல் ஷிஃப்டு பஸ்ஸுக்குப் போகிற வழியில் கதவைத் தட்டி சாவியைக் கொடுத்தாள். “இனிமே வர்றதுக்கு லேட்டாவும் மேடம். ஓ.டி. இருக்குது.” ஓ.டி. எதுவும் இல்லை. இருந்தால் அந்த ஆர்டரை நான்தானே டைப் அடித்திருப்பேன்?

நித்யாவை நாலிலிருந்து ஆறு வரை கடைசித் தெருவில் ஒரு டியூஷனில் போட்டேன். முதல் நாளே அழுதுகொண்டு வந்தாள். பாடம் பிடிக்கவில்லையா என்றால் இல்லை என்றாள். டீச்சர் அடித்தாரா என்றால் இல்லை. பிறகு? “அங்க கத இல்ல.”

இதோடு போயிருந்தால் சரி.

எங்கள் லைனில் பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் ஆட்டம் பாட்டம் நடக்கும். இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டால் மேடை. இந்த வருஷம் அணில் நாடகம் என்று பிள்ளைகளே எப்போதோ முடிவு செய்து, மெக்கானிக் அணில் நித்யா என்றும் தீர்மானித்திருந்தார்கள். அப்பாவிடம் பழைய ஸ்பேனர் ஒன்றும் வாங்கி வைத்திருந்தாள்.

என் தீர்ப்புக்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது.

“மெக்கானிக்கு ஆம்பளையாம், உங்கம்மாதான் சொன்னாங்க” என்று நாலாம் வீட்டு சதீஷ் ஸ்பேனரை வாங்கிக்கொண்டான். நித்யாவிடம் ஒரு ரோஸ் ரிப்பனும் பூக்கூடையும் வந்து சேர்ந்தன. இனி அவளுக்கு ஒரே வேலை. நரி வரும்போது கத்த வேண்டும்.

அவள் என்னோடு சாப்பிட உட்காராமல் போனது அந்த வாரம்தான்.

நான் சமாதானப்படுத்தப் பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். இனிமேல் கதை நான் சொல்கிறேன், சரியான கதை என்றேன்.

“இதோ, மெக்கானிக் அணில் வர்றான். இன்ஜினைப் பார்க்கிறான். ரிப்பேர் பண்றான். இதோ, இவள் வர்றாள். கேக் கொண்டு வர்றாள். நரி வருது. இவள் பயந்து கத்துறாள். அவன் வந்து காப்பாத்துறான்.”

முதல் கதை முடிந்தது. இரண்டாவது கதை. அதிலும் கேக் கொண்டு வந்தாள், கத்தினாள், காப்பாற்றினான். மூன்றாவது கதையில் கேக்குக்குப் பதில் பூ.

“இவ என்ன வேல பாக்குறா ஆன்ட்டி?”

யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். அந்த ரிப்பன் அணில் எங்கே குடியிருக்கிறது? காலையில் எழுந்து என்ன செய்யும்? நரி வராத நாளில் அதற்கு என்ன பொழுது? படம் போட்டவர்களுக்கே தெரியாது போலிருந்தது.

“வீட்ல இருக்கா” என்றேன்.

“வீட்ல என்னா பண்ணுவா?”

“கேக் பண்ணுவா.”

“அப்புறம்?”

அப்புறம்... ஒன்றும் இல்லை. பத்து நிமிஷத்தில் ஒவ்வொன்றாக எழுந்து கோலி விளையாடப் போய்விட்டார்கள். ரத்னாவின் கதையில் அந்த ரிப்பனுக்குக்கூட ஆபீசில் ஒரு வேலை இருந்தது. என் கதையில் அதுவும் போய்விட்டது.

இன்னொன்றும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று சொன்னேன் இல்லையா? ‘தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றோம்’ என்கிற இங்கிலீஷ் தெரியும். ஸ்பெல்லிங் தப்பு வராது. ஆனால் அந்த நரியும் அணிலும் மூக்கால் பேசுகிற இங்கிலீஷில் எனக்குப் பாதிகூடப் புரியாது. யாராவது அந்த அணிலை ‘ஹீ’ என்றார்களா, ‘ஷீ’ என்றார்களா என்று அந்த மூன்று கதையிலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பிடிபடவே இல்லை. அணிலோ கீச்சு தவிர ஒன்றும் பேசாது.

அப்படியானால் நான் எதை வைத்து அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன்?

என் கணவரிடம் கேட்டேன். அவர் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏங்க, அந்த அணிலு ஆம்பளையா பொம்பளையா?”

“எந்த அணிலு?”

“ஸ்பேனர் வெச்சிருக்குமே.”

“ஆம்பளதான்.”

“எப்படித் தெரியும்?”

கொஞ்ச நேரம் பெடலைச் சுற்றினார். “தெரியல. பாத்தா அப்படித்தான் தோணுது. ஏன், பொம்பளையா?”

அன்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. எந்தக் கார்ட்டூன் வந்தாலும் எண்ணுவது. கரடி வருகிறதா? சும்மா கரடி – அது ஆண். அதே கரடிக்கு இமையும் ரிப்பனும் வைத்துவிட்டால் பெண். வாத்து, எலி, முயல் எல்லாம் இதே கணக்கு. ஓடுவது, விழுவது, அடிபடுவது, ரயில் ஓட்டுவது எல்லாம் ரிப்பன் இல்லாதவை. ரிப்பன் கட்டியவை நின்றுகொண்டே இருக்கின்றன. ஆண் என்பது சும்மா வரைந்தாலே வந்துவிடுகிறது. பெண் வேண்டுமென்றால்தான் ஓவியருக்கு மேற்கொண்டு இரண்டு நிமிஷ வேலை.

சரி, அவர்கள் அப்படி வரைந்தார்கள். நான் ஏன் அப்படிப் பார்த்தேன்? பெண்ணுரிமை பற்றி இந்தப் பக்கத்தில் நான் எழுதாத மாதம் உண்டா? நீங்களும் பாராட்டிக் கடிதம் போட்டிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட நான், ஒரு பெண் மெக்கானிக்கைப் பிள்ளைகள் முன்னால் வேலையை விட்டுத் தூக்கினேன். இத்தனைக்கும் கூடத்தில் ஒருத்தரும் அதை எதிர்த்துக் கேட்டிருக்கவில்லை.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை மனசைக் கல்லாக்கிக்கொண்டு ரத்னா வீட்டுக் கதவைத் தட்டினேன். அவள் கணவர் கிரானைட் லாரி ஓட்டுகிறவர், வெளியூர் போயிருந்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க மேடம்.”

“மேடம் வேண்டாம் ரத்னா. அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நீ சொன்ன கதைதான் நல்ல கதை. எவ்வளவு யோசிச்சு அந்த அணிலைப் பொண்ணா வெச்சிருக்கே. எனக்கு அது தோணவே இல்லை.”

மடித்த புடவையோடு என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

“நான் ஒண்ணும் யோசிக்கலைங்களே.”

“பிறகு ஏன் ‘அவ, இவ’ன்னு சொன்னே?”

“எங்க பாஷையில அப்படித்தாங்க. வந்தத சொன்னா, ஆம்பளைக்குத்தான் ‘ஒச்சினாடு’. பொம்பளைக்கு ‘ஒச்சிந்தி’. நாயி, பூனைக்கும் ‘ஒச்சிந்தி’தான். பொம்பளையும் ‘அதி’, அணிலும் ‘அதி’. தமிழ்ல சொல்லும்போது வாயில ‘அவ’ன்னு வந்துடுது. தப்பா இருந்தா இருக்கும். நான் படிச்சவளா?”

எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. இவளை ஒரு புரட்சிக்காரி ஆக்கி மனசுக்குள் பாதிப் பத்தி எழுதி வைத்திருந்தேன். கடைசியில் அது இலக்கணமா?

இலக்கணம் என்றால் எப்படிப்பட்ட இலக்கணம்? பெண்ணையும் மிருகத்தையும் ஒரே சொல்லில் கட்டுகிற இலக்கணம். கோபப்பட வேண்டிய விஷயம் இல்லையா? ஆனால் அந்த இலக்கணத்தால்தான் எங்கள் லைன் பிள்ளைகளுக்கு ஒரு பெண் மெக்கானிக் கிடைத்தாள். அப்படியானால் சந்தோஷப்பட வேண்டுமா? எனக்குத் தலை சுற்றியது. பிறகுதான் ஒன்று உறைத்தது.

“நரியை மட்டும் ‘வர்றான்’னு சொன்னியே ரத்னா? அதுவும் மிருகம்தானே?”

அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள். மெல்லச் சிரித்தாள். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு.

“அவன் கான்ட்ராக்டரு இல்லீங்களா. எங்க பாஷையிலயும் அவன் அவன்தான்.”

“அப்ப... ரிப்பன் கட்டினதை ஆபீஸ் ஸ்டாஃபுன்னு சொன்னது? அதுவும் வாயில வந்ததுதானா?”

சிரிப்பு நின்றது.

“இல்ல. அது தெரிஞ்சிதான் சொன்னேன்.”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“தீவாளி முடிஞ்சி ஒரு நாளு ஆபீசுக்கு வந்தேன், ஞாபகம் இருக்குதுங்களா? புதுசா வைண்டிங் மிஷினு வருது, ட்ரெயினிங்குக்கு ஆள் எடுக்குறாங்கன்னு சொன்னாங்க. லிஸ்ட்ல எம்பேரு இருக்குதான்னு உங்கள வந்து கேட்டேன். நீங்க டைப் அடிச்சிக்கினே, ‘போர்டுல போடுவாங்க, பாத்துக்க’ன்னு சொன்னீங்க. நிமிந்து கூடப் பாக்கல.”

எனக்கு ஞாபகம் இல்லை. அதுதான் கொடுமை. ஒரு துளிகூட ஞாபகம் இல்லை.

“போர்டுல பாத்தேன். ஏழு பேரு. எல்லாம் ஆம்பளைங்க. அதுல ரெண்டு பேரு நான் கத்துக்குடுத்தவங்க. காயிலு எப்படி இழுத்துப் பிடிக்கணும், எங்க விட்டா கம்பி அறும்னு நான்தான் சொல்லிக்குடுத்தேன். அந்த மிஷினு வந்தா எங்க செக்‌ஷன்ல கையால சுத்துற வேல குறைஞ்சிடும். அப்புறம் எங்களை எங்க போடுவாங்கன்னு யாருக்கும் தெரியல. அந்த லிஸ்ட்ட நீங்கதான் அடிச்சீங்க. எம்பேரு இல்லன்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியும்தானே?”

தெரிந்திருக்க வேண்டும். ஏழு பெயரையும் என் விரல்தான் அடித்தது. ஆனால் ஒரு பெண் பெயர்கூட இல்லை என்பது என் கண்ணில் படவே இல்லை. கண்ணில் பட என்ன இருக்கிறது? மெஷின் என்றால் ஆண்கள். ரிப்பன் இல்லாத அணில்கள்.



திங்கட்கிழமை பர்சனல் ஆபீசர் அறைக்குப் போனேன். தினம் நாலு தடவை கடிதத்தோடு போகிற அறைதான். அன்றைக்குக் கை காலியாகப் போனதால் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

“சார், வைண்டிங் மெஷின் ட்ரெயினிங் லிஸ்ட்ல லேடீஸ் யாரும் இல்லையே சார்?”

“இல்லை. என்ன அதுக்கு?”

“ஏன் சார் இல்லை?”

அவர் கெட்டவர் இல்லை. கோபப்படவும் இல்லை. நிஜமாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். “யாரும் கேக்கலையேம்மா.”

“கேட்டாங்க சார். எங்கிட்ட கேட்டாங்க. நான்தான் உங்ககிட்ட சொல்லலை.”

“நைட் ஷிஃப்டு வருமே? லேடீஸை நைட்ல போட முடியாது. சட்டம் இருக்கு.”

“மூணு ஷிஃப்டுல ரெண்டு பகல்தானே சார்? காயில் செக்‌ஷன்ல முனிரத்னம்மான்னு ஒருத்தங்க. அந்த ஏழு பேர்ல ரெண்டு பேருக்கு வேலை சொல்லிக் கொடுத்ததே அவங்கதான் சார்.” என் குரல் நடுங்கியது எனக்கே கேட்டது. ஒன்பது வருஷத்தில் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டே இருந்தார். “எழுதித் தரச் சொல்லுங்க. பார்க்கலாம்.”

அன்று மாலை ரத்னா தெலுங்கில் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன். புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டுக் கேட்டு எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, “சாவியக் குடுங்க அக்கா. அந்தப் பொண்ணு டியூஷன்ல போயி வாடிக்கெடக்குது” என்றாள்.

இனி நாடகம்.

சமாதானம் ஆகிவிட்டதல்லவா? நித்யாவிடம் போய், “அம்மா தெரியாம சொல்லிட்டேன். மெக்கானிக் பொண்ணாவும் இருக்கலாம். சதீஷ்கிட்ட சொல்லி ஸ்பேனரை வாங்கித் தர்றேன்” என்றேன். கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன்.

“வேணாம். நான் ரிப்பனே கட்டிக்கிறேன்.”

“ஏன்டி?”

“கத்துறதுதான் நல்லாருக்கு. எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க.”

இதற்கு என்ன சொல்வது? எவ்வளவு யோசித்து, எங்கெங்கோ போய் நின்று, கடைசியில் பெற்ற மகள் ரிப்பனைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். வற்புறுத்தினால், மறுபடி நானே தீர்ப்புச் சொன்னதாகிவிடாதா? விட்டுவிட்டேன்.

நாடகத்தன்று எட்டு வீடும் கூடிவிட்டது. ரத்னாவும் நானும் முன்வரிசையில். சதீஷ் தொப்பியும் ஸ்பேனருமாக மர ஸ்டூலை ரிப்பேர் செய்தான் – அதுதான் இன்ஜின். நித்யா ரோஸ் ரிப்பனும் கூடையுமாக நடந்து வந்தாள். நடையெல்லாம் அப்படியே டி.வி. ரிப்பன் அணில். பின்னாலேயே நரி. ஆறாம் வீட்டுக் கன்னடக்காரரின் மகன், ஐந்து வயது. பழைய ஸ்வெட்டரில் சணல் வால்.

நரி உறுமியது. நித்யா மூச்சை இழுத்தாள். கத்தினாள்.

மூன்று வாரப் பயிற்சி. அந்தக் கத்தலில் கைக்குழந்தை ஒன்று வீறிட்டது. தெருவில் சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நின்றுவிட்டார். நரி ஒரு நொடி அவளைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. “அம்மா...” என்று அழுதுகொண்டே கட்டிலிலிருந்து குதித்து, வாலைத் தூக்கிக்கொண்டு, அதன் அம்மா மடியில் போய் விழுந்தது. அதற்குப் பிறகு யார் எவ்வளவு சமாதானம் சொல்லியும் மேடைக்குத் திரும்பவில்லை.

காப்பாற்ற வேண்டிய மெக்கானிக் ஸ்பேனரைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். யாரிடமிருந்து காப்பாற்றுவது?

“இப்ப நான் என்னா பண்ணணும்?” என்று மேடையிலிருந்தே கேட்டான்.

நித்யா கூடையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நாடகம் முடிந்தது. கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது.

அந்த ரிப்பனைத் திட்டுவதா, மெச்சுவதா? எனக்கு இன்னும் புரியவில்லை. ரத்னாவைக் கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். “எனக்கு என்னாங்க தெரியும்” என்றாள்.

போன வாரம் பர்சனல் ஆபீசர் புது லிஸ்ட்டை டைப் அடிக்கச் சொல்லிக் கொடுத்தார். எட்டுப் பேர். எட்டாவது பெயர் முனிரத்னம்மா – பகல் ஷிஃப்டு மட்டும், மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு என்று பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தார். என் கண் நிறைந்துவிட்டது. டைப்ரைட்டருக்குப் புது ரிப்பன் மாற்றி, ஓரம் பார்த்து, கோடு பார்த்து, ஒன்பது வருஷத்தில் அடிக்காத அழகாக அடித்து, கையெழுத்துக்கு அனுப்பினேன்.

அரை மணியில் திரும்பி வந்தது. அவர் ஓர் இடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்.

எட்டாவதாக நான் அடித்திருந்தது – ‘மிஸ்டர் முனிரத்னம்மா.’